நாடுகளுக்கு மார்க் போடும் மூவர்

எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச்... ஒரு தேசத்தின் கடன் தரத்தை இந்த மூன்று நிறுவனங்கள் எப்படி அளக்கின்றன? அந்த அளவுகோலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2025 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முதல் நாள். டெல்லிக்கு ஒரு நல்ல சேதி வந்தது. இந்தியாவின் கடன் தரக்குறியீட்டை ‘பிபிபி மைனஸ்’ நிலையிலிருந்து ‘பிபிபி’ நிலைக்கு உயர்த்துவதாக ‘எஸ் அண்ட் பி குளோபல் ரேட்டிங்ஸ்’ அறிவித்தது. உயர்ந்தது ஒரே ஒரு படி. அந்த ஒரு படிக்கு இந்தியா 18 ஆண்டுகள் காத்திருந்தது. இந்தியாவைச் ‘செத்துப்போன பொருளாதாரம்’ என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் சாடி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆளுங்கட்சியினர் இந்த அறிவிப்பையே அவருக்கான பதிலாக எடுத்துவைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2017 நவம்பரில் மூடிஸ் நிறுவனம் இந்தியாவின் தரத்தை ஒரு படி உயர்த்தியது. மத்திய அரசின் எதிர்ப்பாளர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். ஃபேஸ்புக்கில் ‘மூடி’ என்ற பெயரைத் தேடி, கண்ணில் பட்டவரைத் திட்டித் தீர்த்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டவர் டாம் மூடி. ஆஸ்திரேலியாவின் முன்னாள் கிரிக்கெட் வீரர், அப்போது சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியின் பயிற்சியாளர்!

கொண்டாடியவர்களும் சரி, கொதித்தவர்களும் சரி, ரேட்டிங்கைத் தேசத்தின் மானப் பிரச்னையாகவே பார்த்தார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது, அதை யார் போடுகிறார்கள், அது எங்கே சறுக்கியிருக்கிறது என்று பார்த்தால், நம் மானத்தைவிட நம் பட்ஜெட்டைப் பற்றித்தான் அது அதிகம் பேசுகிறது என்பது புரியும்.

கேள்வி ஒன்றுதான்

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேனேஜர் முதலில் பார்ப்பது உங்கள் சிபில் ஸ்கோரை. நாடுகளுக்கும் அப்படி ஒரு ஸ்கோர் உண்டு. அரசாங்கம் கடன் பத்திரங்களை வெளியிட்டு வாங்கும் கடனை, சொன்ன தேதியில், சொன்ன வட்டியோடு திருப்பித் தருமா? தரக்குறியீடு பதில் சொல்லும் கேள்வி இது ஒன்றுதான். நாடு பணக்கார நாடா, மக்கள் நிம்மதியாக இருக்கிறார்களா, ஆட்சி நல்ல ஆட்சியா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குத் தேவைப்படும் அளவுக்குத்தான் உள்ளே வரும்.

ஆனால், தனிமனிதருக்கும் நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தவணை கட்டாவிட்டால் வங்கி வீட்டை ஜப்தி செய்யும். ஒரு நாட்டை ஜப்தி செய்ய முடியுமா? முயன்று பார்த்தவர்கள் உண்டு. 2001-ல் அர்ஜென்டினா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது. பிறகு அது முன்வைத்த சமரசத் திட்டத்தை ஏற்க மறுத்த அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று, 2012 அக்டோபரில் கானா நாட்டின் தேமா துறைமுகத்துக்கு வந்த அர்ஜென்டினக் கடற்படையின் பயிற்சிக் கப்பலை நீதிமன்ற உத்தரவு வாங்கித் தடுத்து வைத்தது. கடற்சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தலையிட்டு, டிசம்பரில் கப்பலை விடுவித்தது. இறையாண்மை உள்ள நாட்டிடம் வசூல் செய்வது அவ்வளவு கஷ்டம்.

அதனால்தான் தரநிர்ணய நிறுவனங்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கின்றன. கடனைக் கட்டும் சக்தி இருக்கிறதா? கட்ட வேண்டும் என்ற மனம் இருக்கிறதா? சக்தியை எண்களில் ஓரளவு அளந்துவிடலாம். மனத்தை அளப்பது எப்படி? எல்லாச் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

எழுத்துகளின் ஏணி

எஸ் அண்ட் பி, ஃபிட்ச் இரண்டும் ‘ஏஏஏ’ என்று தொடங்கி, ஏஏ, ஏ, பிபிபி, பிபி, பி, சிசிசி என்று இறங்கும். நடுவில் பிளஸ், மைனஸ் படிகள் உண்டு. கடனே கட்டாமல் நின்றுபோனால் ‘டி’ வகையறா. மூடிஸ் கொஞ்சம் வேறு மாதிரி எழுதும். ‘பிபிபி மைனஸ்’ என்பது அங்கே ‘பிஏஏ3’. இந்தப் பிபிபி மைனஸ்தான் எல்லைக் கோடு. அதிலோ அதற்கு மேலோ இருந்தால் ‘முதலீட்டுத் தரம்’. ஒரு படி கீழே போனாலும் ‘ஊக வணிகத் தரம்’. சந்தையில் கூச்சமில்லாமல் ‘குப்பை’ என்பார்கள். எழுத்தோடு ‘பாசிட்டிவ்’, ‘ஸ்டேபிள்’, ‘நெகட்டிவ்’ என்று ஒரு முன்னோட்டமும் வரும். எஸ் அண்ட் பி இந்தியாவின் முன்னோட்டத்தை 2024 மே மாதமே ‘பாசிட்டிவ்’ ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டு தரம் உயர்ந்தது.

சிங்கப்பூர், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளுக்கு மட்டுமே மூன்று நிறுவனங்களும் உச்ச மதிப்பைக் கொடுத்திருக்கின்றன. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இப்போது இல்லை.

ரயில் கம்பெனியிலிருந்து ராஜ்ஜியம் வரை

இந்த நிறுவனங்கள் ஐ.நா. அமைப்புகளோ, அரசு அலுவலகங்களோ அல்ல. லாபத்துக்காக நடக்கும் தனியார் கம்பெனிகள். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுக்க ரயில் பாதை போடக் கடன் பத்திரங்கள் மலையாகக் குவிந்தன. எந்த ரயில் கம்பெனி தேறும், எது மூழ்கும் என்று முதலீட்டாளர்களுக்குத் தெரியவில்லை. 1860-ல் ஹென்றி வார்னம் பூர் அமெரிக்க ரயில், கால்வாய் கம்பெனிகளின் கணக்குவழக்குகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். எஸ் அண்ட் பி என்ற பெயரில் இருக்கும் ‘பி’ அவர்தான். 1909-ல் ஜான் மூடி ஒரு படி மேலே போய், ரயில் கடன் பத்திரங்களுக்கு எழுத்தால் தரம் போட்டார். ஜான் நோல்ஸ் ஃபிட்ச் 1913-ல் பதிப்பகமாகத் தொடங்கிய நிறுவனம், 1924-ல் ‘ஏஏஏ’ முதல் ‘டி’ வரையிலான வரிசையைக் கொண்டுவந்தது.

அன்று புத்தகத்தை வாங்கிப் படித்த முதலீட்டாளர்தான் காசு கொடுத்தார். 1970-களில் இது தலைகீழானது. கடன் வாங்குபவரே தரம் போடுபவருக்குக் கட்டணம் கட்டும் முறை வந்தது. 1975-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம், குறிப்பிட்ட சில நிறுவனங்களின் தரத்தைச் சட்டவிதிகளுக்குள்ளேயே கொண்டுவந்தது. அதுவரை கருத்தாக இருந்தது, அதன் பிறகு அதிகாரமானது. உலகத் தரநிர்ணயச் சந்தையில் மிகப் பெரும் பங்கு இன்று இந்த மூவரின் கையில்தான். நம்மூர் கிரிசில் எஸ் அண்ட் பி-யின் கட்டுப்பாட்டிலும், இக்ரா மூடிஸின் கட்டுப்பாட்டிலும் இருக்கின்றன.

நாடுகள் விஷயத்தில் சிறு விலக்கு உண்டு. நாடு கேட்காமலே, கட்டணம் வாங்காமலே தரம் போடும் வழக்கம் இருக்கிறது. இந்தியாவுக்கு எஸ் அண்ட் பி தருவது அப்படிப்பட்ட மதிப்பீடுதான். அதாவது, நாம் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொன்னாலும் போடுவார்கள்.

ஐந்து தூண்கள், ஒரு அறை

எஸ் அண்ட் பி ஒரு நாட்டை ஐந்து பக்கங்களிலிருந்து பார்க்கிறது. ஒன்று, நிர்வாக அமைப்புகளின் வலிமை: கொள்கை நிலையாக இருக்கிறதா, நீதிமன்றமும் புள்ளிவிவரத் துறையும் சுதந்திரமாகச் செயல்படுகின்றனவா? இரண்டு, பொருளாதாரம்: தனிநபர் வருமானம், வளர்ச்சி. மூன்று, வெளிநாட்டுக் கணக்கு: டாலர் வரவு, செலவு, கையிருப்பு. நான்கு, அரசின் வரவு செலவும் கடன் சுமையும். ஐந்து, பணக் கொள்கை: விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கும் திறன் மத்திய வங்கிக்கு இருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் வலிமை, 6 என்றால் பலவீனம். முதல் இரண்டையும் ஒரு பக்கம், மற்ற மூன்றையும் இன்னொரு பக்கம் சராசரி எடுத்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறதோ அதுவே ஆரம்ப மதிப்பீடு. மூடிஸ் நான்கு தலைப்புகளில் இதையே செய்கிறது; அரசியல் குழப்பம், வங்கி நெருக்கடி போன்ற திடீர் அதிர்ச்சிகளைத் தாங்கும் திறனைத் தனித் தலைப்பாக வைத்திருக்கிறது. ஃபிட்ச் 18 அளவீடுகளை ஒரு புள்ளியியல் மாதிரிக்குள் போட்டு விடை எடுக்கிறது. கடைசியாகக் கடன் தவறி எத்தனை ஆண்டு ஆகிறது என்பதும் அந்த 18-ல் ஒன்று. பழைய பாவம் சீக்கிரம் கழியாது.

எண்கள் வந்த பிறகுதான் மனிதர்கள் வருகிறார்கள். ஆய்வாளர்கள் அந்த நாட்டின் தலைநகருக்குப் போய் நிதியமைச்சக அதிகாரிகள், மத்திய வங்கியாளர்கள், தொழில்துறையினர் ஆகியோரைச் சந்திப்பார்கள். திரும்பி வந்து அறிக்கை தயாரிப்பார்கள். இறுதி முடிவு ஒரு ஆய்வாளருடையது அல்ல. மூடிய அறையில் கூடும் குழு வாக்களித்து முடிவெடுக்கும். மாதிரி சொன்ன விடையைக் குழு மாற்றவும் செய்யலாம். ஃபிட்ச் நிறுவனத்தின் விதிப்படி, மேலேயோ கீழேயோ மூன்று படிகள் வரை நகர்த்தலாம். இந்தியா போன்ற நாட்டுக்கு மூன்று படி கீழே என்றால் முதலீட்டுத் தரத்திலிருந்து குப்பைக்குள் விழுவது. மூன்று படி மேலே என்றால் ‘ஏ’ வரிசை. எண்களுக்கும் அபிப்பிராயத்துக்கும் நடுவே அத்தனை இடைவெளி இருக்கிறது.

அறிவிப்புக்கு முன்பு அந்த நாட்டுக்குத் தகவல் சொல்வார்கள். எண்களில் தவறு இருந்தால் சுட்டிக்காட்டலாம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்று வாதாட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தெந்தத் தேதிகளில் எந்த நாட்டின் தரம் வெளிவரும் என்று முன்கூட்டியே காலண்டர் போட வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தை மூடிய பிறகே வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரு அறிவிப்பு நடுப்பகலில் வந்தால் சந்தை என்ன பாடுபடும் என்பதை யூரோ நெருக்கடிக் காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கடன் எவ்வளவு என்பதல்ல, வட்டி எவ்வளவு என்பதே

ஒரு நாட்டின் கடன் அதன் ஜிடிபி-யில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் நாம் அடிக்கடி கேட்கிறோம். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஜப்பான் அரசின் கடன் ஜிடிபி-யில் 200 சதவீதத்துக்கும் மேல். ஆனாலும், எஸ் அண்ட் பி அதற்கு ‘ஏ பிளஸ்’ கொடுக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் கடன் சேர்ந்து ஜிடிபி-யில் 80 சதவீதத்தைச் சுற்றி இருக்கும் இந்தியா, அதற்கும் பல படிகள் கீழே. காரணம் என்ன?

ஜப்பான் வாங்கிய கடன் அதன் சொந்த நாணயத்தில். பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்களே. பல ஆண்டுகள் வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. எனவே, கடன் மலையாக இருந்தாலும் வட்டியாகப் போகும் பணம் குறைவு. இந்தியாவின் கடனும் பெரும்பாலும் ரூபாயில், உள்நாட்டில் வாங்கியதுதான். அது நமக்குப் பெரிய பலம். ஆனால், வட்டி? 2025-26 மத்திய பட்ஜெட்டில் வட்டிக்கு ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்கான பங்கு போக மத்திய அரசின் வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. அரசுக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 37 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. சாலை, ரயில், பாதுகாப்புத் தளவாடங்கள் என எல்லா மூலதனச் செலவுக்கும் ஒதுக்கியதே 11.21 லட்சம் கோடிதான்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்காவுக்கு உச்ச மதிப்பு கொடுத்துவந்த மூடிஸ், 2025 மே 16-ல் அதைப் பறித்தது. அது சொன்ன முக்கியக் காரணம், மத்திய அரசின் வருவாயில் வட்டிக்குப் போகும் பங்கு 2021-ல் 9 சதவீதமாக இருந்தது, 2024-ல் 18 சதவீதமாகிவிட்டது, 2035-ல் 30 சதவீதத்தைத் தொடும் என்பதே. உலகமே பயன்படுத்தும் டாலரை அச்சடிக்கும் நாட்டுக்கே 18 சதவீதம் உறுத்துகிறது. இந்தக் கணக்கு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம்.

இலங்கை: எச்சரித்தார்கள், ஏற்கவில்லை

2019 நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச அதிபரானார். அடுத்த சில நாட்களிலேயே பெரிய வரிக் குறைப்பு வந்தது. 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதமானது. வரி வலைக்குள் இருந்த ஏராளமான நிறுவனங்கள் வெளியே விடப்பட்டன. 2019-ல் ஜிடிபி-யில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருவாய், 2020-ல் 8 சதவீத அளவுக்குச் சரிந்தது. அதே ஆண்டு கொரோனா வந்து சுற்றுலாவையும் சாய்த்தது. 2020-ல் இலங்கை அரசின் வருவாயில் 70 சதவீதத்துக்கும் மேல் வட்டிக்கே போனது. 100 ரூபாயில் 70 ரூபாய்!

தரநிர்ணய நிறுவனங்கள் அடுத்தடுத்துத் தரத்தைக் குறைத்தன. 2020 ஏப்ரலில் ஃபிட்ச் ‘பி மைனஸ்’ ஆக்கியது. செப்டம்பரில் மூடிஸ் இரண்டு படி இறக்கியது. நவம்பரில் ஃபிட்ச் ‘சிசிசி’க்குத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து வந்த பதில், இது நியாயமற்ற மதிப்பீடு என்பதே. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதும், 2022 ஜனவரி 18-ல் முதிர்ந்த 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அரசு பணம் கட்டியது. கடனை மறுசீரமைத்துவிட்டு, அந்த டாலரை எரிபொருளுக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பொருளாதார அறிஞர்கள் சொன்னது எடுபடவில்லை. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்த நாடு வெளிநாட்டுக் கடனில் தவறியது அதுவே முதல் முறை. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி ஒப்புக்கொண்டார்.

யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் கொழும்பிலும் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் நீண்ட வரிசைகள் நின்றதை உலகமே பார்த்தது. தரம் கீழே போனால் சாமானியனுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த வரிசைகள்தான் விடை. இறக்குமதிக்காக இலங்கை வங்கிகள் கொடுத்த எல்.சி எனும் கடன் உறுதிக் கடிதத்தை வெளிநாட்டு வங்கிகள் ஏற்கத் தயங்கின. கப்பலில் சரக்கு இருந்தும் டாலர் இல்லாததால் இறக்க முடியவில்லை.

2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப் ஏறக்குறைய 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் தந்தது. 2024 டிசம்பரில் சுமார் 1,250 கோடி டாலர் மதிப்புள்ள பழைய கடன் பத்திரங்களுக்குப் பதிலாகப் புதிய பத்திரங்கள் கைமாறின. அதன் பிறகே ஃபிட்ச் இலங்கையைத் ‘தவணை தவறிய நாடு’ என்ற நிலையிலிருந்து ‘சிசிசி பிளஸ்’ நிலைக்கு ஏற்றியது. முதலீட்டுத் தரத்தைத் தொட இன்னும் ஏழு படிகள் ஏற வேண்டும். இந்தக் கதையில் தரநிர்ணய நிறுவனங்கள் சொன்னது சரி. கேட்காதவர்கள் கொடுத்த விலை பெரிது.

சறுக்கிய இடங்கள்

எல்லாக் கதையும் இப்படி இல்லை. 1997 அக்டோபர் வரை தென்கொரியாவுக்கு எஸ் அண்ட் பி கொடுத்திருந்தது ‘ஏஏ மைனஸ்’. ஆசிய நிதி நெருக்கடி முற்றியதும் டிசம்பர் கடைசிக்குள் ‘பி பிளஸ்’. இரண்டே மாதத்தில் பத்துப் படிகள்! வீடு பற்றி எரிந்த பிறகு மணி அடித்தார்கள். அடித்த அடியில் முதலீட்டாளர்கள் மிரண்டு ஓடினார்கள். கிரேக்கம் 2009-ல் ‘ஏ’ வரிசையில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த புதிய அரசு, நிதிப் பற்றாக்குறை முந்தைய அரசு சொன்னதைப் போல இரு மடங்கு என்று உண்மையை உடைத்தது. 2010 ஏப்ரலில் அதன் தரம் குப்பைக்குப் போனது.

2008-ல் அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்கள் விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். திரும்பி வராத கடன்களை மூட்டை கட்டி விற்ற பத்திரங்களுக்கு ‘ஏஏஏ’ கொடுத்தார்கள். பத்திரத்தை விற்றவர்தான் தரத்துக்கும் கட்டணம் கட்டினார். வழக்குகளை முடித்துக்கொள்ள எஸ் அண்ட் பி 2015-ல் 137.5 கோடி டாலரும், மூடிஸ் 2017-ல் 86.4 கோடி டாலரும் கொடுத்தன.

2011 ஆகஸ்ட் 5-ல் எஸ் அண்ட் பி அமெரிக்காவின் ‘ஏஏஏ’வைப் பறித்தபோது, அந்தக் கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் பிசகு இருப்பதாக அமெரிக்கக் கருவூலம் சுட்டிக்காட்டியது. நிறுவனம் கணக்கைத் திருத்தியது, முடிவை மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், தரம் குறைந்த பிறகு முதலீட்டாளர்கள் அமெரிக்கப் பத்திரங்களையே இன்னும் ஆர்வமாக வாங்கினார்கள். வட்டி குறைந்தது! பெரிய நாட்டுக்கு ரேட்டிங் ஒரு கருத்து. சின்ன நாட்டுக்கு அது தலைவிதி. ஆப்பிரிக்க ஒன்றியம் தனக்கென ஒரு தரநிர்ணய நிறுவனத்தை உருவாக்க முனைந்திருப்பதற்கு இந்த ஆதங்கமே காரணம். இந்தியாவின் கேர்எட்ஜ் நிறுவனமும் 2024 அக்டோபரில் 39 நாடுகளுக்குத் தரம் போட்டுக் களத்தில் இறங்கியது. உலகச் சந்தை இவர்களை மூவருக்குச் சமமாக நம்புவதற்குக் காலம் பிடிக்கும்.

இந்தியாவின் மனக்குறை நியாயமா?

1991-ல் டாலர் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தபோது, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. தரம் முதலீட்டு எல்லைக்குக் கீழே இறங்கியது. எஸ் அண்ட் பி-யிடம் அந்தத் தரத்தைத் திரும்பப் பெற 2007 வரை ஆனது. ஆனால், அந்த நெருக்கடியிலும் இந்தியா ஒரு தவணைகூடத் தவறவில்லை. தங்கத்தை அடகு வைத்தாவது கடனைக் கட்டிய நாட்டின் ‘மனம்’ பற்றி இன்னும் என்ன சந்தேகம் என்பதே டெல்லியின் கேள்வி.

2020-21 பொருளாதார ஆய்வறிக்கை இதற்காகத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படியில் வைக்கப்படுவது சரித்திரத்தில் இந்தியாவுக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது என்று அது சொன்னது. 2023 டிசம்பரில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரனின் அலுவலகம் இன்னும் கூர்மையாக ஒரு குறையைச் சொன்னது: நிர்வாகத் தரத்தை அளக்க இந்த நிறுவனங்கள் உலக வங்கியின் ஆளுகைக் குறியீடுகளை நம்புகின்றன, அந்தக் குறியீடுகளோ நிபுணர்கள், ஆய்வு அமைப்புகள் போன்றவற்றின் எண்ணங்களைத் திரட்டி உருவானவை. ஃபிட்ச் மாதிரியில் மிக அதிக எடை அந்தக் குறியீடுகளுக்குத்தான்.

இந்த இரண்டாவது குறை நியாயமானது. சில நிபுணர்களின் அபிப்பிராயம் இன்னொரு அட்டவணையில் எண்ணாகி, அந்த எண் மூன்றாவது இடத்தில் எழுத்தாகும்போது, அது அபிப்பிராயமாகத் தொடங்கியது என்பதே மறந்துபோகிறது. எந்த அளவீட்டால் ஒரு நாட்டின் தரம் எவ்வளவு குறைந்தது என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

முதல் குறை அவ்வளவு வலுவாக இல்லை. பொருளாதாரத்தின் மொத்த அளவு கடன் கட்டும் சக்தியைச் சொல்லாது. 140 கோடிப் பேர் உள்ள நாட்டின் ஜிடிபி பெரிதாகத்தான் இருக்கும். தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு 3,000 டாலர்கூடத் தேறாது. வருமானம் குறைவான மக்களிடம் நெருக்கடியில் கூடுதல் வரி வசூலிக்க முடியாது. செலவைக் குறைத்தால் வயிற்றில் அடிப்பதாகும். கொரோனா ஆண்டான 2020-21-ல் 9.2 சதவீதமாக இருந்த மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறையை 2025-26-ல் 4.4 சதவீதத்துக்குக் கொண்டுவர இலக்கு வைத்ததும், அந்தப் பாதையில் பிசகாமல் நடந்ததும்தான் எஸ் அண்ட் பி மனம் மாற முக்கியக் காரணங்களில் ஒன்று. மூடிஸும் ஃபிட்சும் அந்த ஆகஸ்டில் நம்மைக் கடைசிப் படியிலேயே வைத்திருந்தன.

நமக்கென்ன?

இந்திய அரசு வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்பதில்லை. 2019 பட்ஜெட்டில் அப்படி ஒரு யோசனை வந்து, எதிர்ப்பால் கிடப்பில் போனது. அப்படியானால் ரேட்டிங் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? விஷயம் இருக்கிறது. நாட்டின் தரத்தைத் தாண்டி அந்த நாட்டின் வங்கிகளும் கம்பெனிகளும் தரம் பெறுவது அரிது. எஸ் அண்ட் பி இந்தியாவை உயர்த்திய மறுநாளே ஸ்டேட் வங்கி, ஹெச்.டி.எஃப்.சி, ஐ.சி.ஐ.சி.ஐ உள்ளிட்ட பத்து நிதி நிறுவனங்களின் தரமும் உயர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் அதில் ஒன்று. வெளிநாட்டில் அவை வாங்கும் கடனுக்கு வட்டி குறைய இது வழி செய்யும்.

சர்வதேச வங்கி விதிகளான பேசல் விதிகளிலும் இந்த எழுத்துகள் புகுந்திருக்கின்றன. ‘ஏஏ மைனஸ்’ வரையிலான நாட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அதற்காகத் தனி மூலதனம் ஒதுக்க வேண்டாம். மூலதனத்தைக் கணக்கிட உதவும் ‘இடர் எடை’ ‘ஏ’ வரிசைக்கு 20 சதவீதம், பிபிபி வரிசைக்கு 50, அதற்குக் கீழே 100, அதள பாதாளத்துக்கு 150. பல ஓய்வூதிய நிதிகள் குப்பைத் தரப் பத்திரங்களை வைத்திருக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. எல்லைக் கோட்டில் நிற்கும் நாடு ஒரு படி சறுக்கினால், பத்திரங்களை விற்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு வரும். அந்த ஒரு படிக்கு இவ்வளவு மவுசு ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடுத்த முறை ‘இந்தியாவின் தரம் உயர்ந்தது’ என்றோ ‘குறைந்தது’ என்றோ செய்தி வந்தால், எழுத்தோடு நிற்காதீர்கள். அதன் கீழே கொடுத்திருக்கும் காரணங்களைப் படியுங்கள். மூன்று நிறுவனங்களின் தீர்ப்பும் தப்பலாம், தப்பியிருக்கிறது. ஆனால், அவர்கள் எடுத்துவைக்கும் வரவு செலவு எண்கள் நம் அரசுகள் அச்சிட்ட எண்களே. பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டும், அதையொட்டித் தமிழ்நாட்டு பட்ஜெட்டும் வரும்போது இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள்: மொத்த வருவாய் எவ்வளவு, அதில் வட்டிக்கு எவ்வளவு? அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் நாடு சரியான வழியில் போகிறது. ஏறினால், எந்த ஏஜென்சி என்ன எழுத்து கொடுத்தாலும், ஆள்பவர்களிடம் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.